மழைக்காலக் குளியலறைத் துளை: அடைத்தலும் திறத்தலும் குறித்த ஓர் ஆராய்ச்சி

சென்னையிலும் அதைச் சூழ்ந்த தாழ்நிலப் புறநகர்களிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி முதல் அது விடைபெறும் மார்கழி வரை, தரைத்தளத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் கவனத்தை முழுமையாக ஆட்கொள்ளும் பொருள் வானமும் அன்று, வானிலை அறிக்கையும் அன்று. குளியலறையின் ஒரு மூலையில், சல்லடை மூடியின் கீழ், மூன்று அல்லது நான்கு அங்குல விட்டத்தில் அமைந்துள்ள கழிவுத் துளையே அது. ஆண்டின் பிற மாதங்களில் தலைமுடி சிக்கிய நாளன்றி வேறெந்நாளும் நினைக்கப்படாத இத்துளை, புயல் சின்னம் உருவானதாக அறிவிக்கப்பட்ட கணத்திலேயே வீட்டின் தலைவாசலுக்கு நிகரான முக்கியத்துவத்தைப் பெற்றுவிடுகிறது. இதை அடைக்கும் கலை தலைமுறைகளாகப் பயிலப்பட்டு வந்தும், அதற்கு இதுவரை முறையான இலக்கணம் வகுக்கப்படாதது அறிவுலகின் பெருங்குறையாகும். கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்துள்ளன. அக்குழாய்களின் வாயில் செருகப்பட்ட துணி உருண்டை எதுவும் கிடைத்ததாகத் தகவல் இல்லை. எனினும், துணி மக்கும் பொருளாதலால், சங்ககாலத் தமிழர் துணி அடைக்கவில்லை என்ற முடிவுக்கு இதைக் கொண்டு வருவது அவசரமாகும்.

துளையின் உள்ளமைப்பை முதலில் விளக்க வேண்டும். தரைக்கடியில் வளைவாக அமைந்து, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு எப்போதும் நீரைத் தேக்கி வைத்திருக்கும் உறுப்பைப் பிளம்பர்கள் ‘நாணி ட்ராப்’ என்று வழங்குவர். தேங்கி நிற்கும் அந்நீரே சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாதவாறு தடுக்கும் தாழ்ப்பாள். குழாயை வளைத்து, அவ்வளைவில் நீரைத் தேக்கி, நாற்றத்தை மறிக்கும் இவ்வுத்திக்கு 1775-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக் கைவினைஞர் ஆவார். அன்னாரின் மேதைமையில் ஐயமில்லை; ஆனால், அவருடைய வளைவு காற்றை மட்டுமே மறிக்கும், வெளியிலிருந்து திரும்பி வரும் நீரை ஒரு நொடியும் மறிக்காது என்பதும், ஐப்பசி அடைமழையைக் கணக்கில் கொண்டு அது வடிவமைக்கப்படவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கவை. அதற்கு ஈடாக அவ்வளைவு ஒரு நன்மை செய்கிறது. தெருச் சாக்கடை நிரம்பத் தொடங்கியதும், குழாய்க்குள் இருக்கும் காற்று பின்னோக்கித் தள்ளப்பட்டு, தேங்கிய நீரைக் குமிழியிடச் செய்து, ‘குளுக் குளுக்’ என்ற ஒலியை எழுப்புகிறது. நள்ளிரவில் மின்விசிறி நின்ற அமைதியில் இவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து, பழைய துணி மூட்டையைத் தேடும் திறன், தரைத்தள வாசிகளிடம் மட்டும் காணப்படும் சிறப்புத் தகவமைப்பாகும்.

நீர் ஏன் திரும்பி வருகிறது என்ற வினாவுக்கு விடை எளிது: ஒன்றோடொன்று இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தை அடையும் என்பது பள்ளிப் பாடம். வீட்டுக் குளியலறை ஒரு கலம், தெருவின் பாதாளச் சாக்கடை மற்றொரு கலம், இடையிலுள்ள நான்கு அங்குலக் குழாய் இணைப்பு. தெரு மட்டம் குளியலறைத் தரைக்குக் கீழே இருந்த காலத்தில் இவ்விதியால் எவருக்கும் இடையூறு நேரவில்லை. ஆனால், பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன்மீதே புதிய தாரைப் பரப்பி வந்த வழக்கத்தால், வீடு கட்டப்பட்டபோது மூன்று படி ஏறி உள்ளே சென்றவர்கள், பின்னர் சமதரையில் நடந்து சென்று, இறுதியில் ஒரு படி இறங்கிச் செல்லும் நிலைக்கு வந்தனர். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அதற்குள் தாழ்ந்துவிட்ட வீடுகளை எந்த அறிவுறுத்தலாலும் உயர்த்த இயலாது.

இனி, திரும்பி வரும் நீர் எவருடையது என்பதை ஆராய்தல் வேண்டும். இவ்வினாவைக் குடியிருப்போர் பெரும்பாலும் எழுப்புவதே இல்லை; அடுத்த தெருவையோ, ஏரியையோ, அரசையோ சுட்டி அமைதியடைந்துவிடுகின்றனர். சென்னையில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தனித்தனி அமைப்புகள். முன்னது மாநகராட்சியின் பொறுப்பு, பின்னது 1978-இல் தோற்றுவிக்கப்பட்ட குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் பொறுப்பு. மொட்டை மாடி நீர் சாக்கடையில் சேரக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி, அது மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் இறங்க வேண்டும். ஆயினும், அக்குழி நாளடைவில் மண் மூடி, அதன்மேல் துளசி மாடமோ இருசக்கர வாகனமோ நிலைபெற்றுவிட, மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பக்கத்திலிருக்கும் சாக்கடைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவுக் குழாய்கள் கூடும் செங்கல் தொட்டியில், நைசாகத் திருப்பிவிடும் மரபு பல வீடுகளில் உண்டு.

இதன் விளைவைக் கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆயிரம் சதுர அடி மாடி, அதாவது ஏறத்தாழ 93 சதுர மீட்டர், 10 செ.மீ. மழையில் 9,300 லிட்டர் நீரைத் தரும். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவின்படி, நால்வர் கொண்ட குடும்பம் 540 லிட்டரைப் பயன்படுத்துகிறது. ஆகவே, அக்குடும்பம் பதினேழு நாள் குளித்து, துவைத்து, கழுவி அனுப்பும் நீரை அதன் மொட்டை மாடி ஒரே நாளில் அதே குழாயில் அனுப்பிவிடுகிறது. 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. மழையை இக்கணக்கில் பொருத்தினால், அளவு 45,000 லிட்டரைக் கடக்கிறது. மே மாதத்தில் இதே குடும்பம் வாசலில் குடத்துடன் காத்திருந்து வாங்கும் லாரித் தண்ணீரில் இது ஏறத்தாழ நான்கு லாரி. தெருவெங்கும் இவ்வாறு நிகழ, சாக்கடை நிரம்பி, நீர் திரும்புகிறது. நடு இரவில் குளியலறையில் எழும்பும் வெள்ளத்தில் கணிசமான பங்கு, மாலையில் அதே வீட்டின் மாடியில் விழுந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் மையக் கண்டுபிடிப்பாகும். துளையை அடைப்பவர், நுணுகி நோக்கின், தம்முடைய நீர் தம்மிடம் வராமல் அடைக்கிறார்.

மாடியைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். தீபாவளி, நாட்காட்டியின் விந்தையால், பருவமழையின் தொடக்கத்திலேயே வந்து விழுகிறது. வெடித்த பட்டாசின் காகிதத் துகள்கள், வேப்பஞ்சருகு, கிழிந்த பட்டம், காக்கை விட்டுச்சென்ற எலும்பு, எவருடையதென்று தெரியாத இறகுப்பந்து ஆகியவை ஒன்றுகூடி மாடியின் நீர்வழியில் அமைக்கும் அடைப்பு, கீழே துணிகொண்டு மனிதர் அமைக்கும் எந்த அடைப்பையும் விட உறுதியானது. அடைய வேண்டிய துளை அடையாததும், அடையக் கூடாத துளை தானே அடைந்துகொள்வதும் ஆய்வாளர்களின் கவனத்துக்குரியவை.

அடைப்புப் பொருள்களைப் பொறுத்தவரை மூன்று நெறிகள் நிலவுகின்றன. துணிநெறியினர் பழைய பருத்தி வேட்டியைச் சுருட்டித் திணிப்பர்; பருத்தி நனைந்து உப்புமாதலால் துளையை இறுகப் பற்றும் என்பது இவர்களின் வலுவான வாதம். பாலியஸ்டர் புடவையைப் பயன்படுத்துவோரை இவர்கள் அறியாதவர் என இகழ்வதில் நியாயம் உண்டு, ஏனெனில் அத்துணி உப்பாது. மணல்நெறியினர் பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, அதைத் துணியில் பொதிந்து துளைமேல் அமர்த்துவர். மேற்கத்திய, இந்தியக் கழிப்பறைப் பீங்கான்கள் இரண்டின் வளைவுக்கும் ஏற்ப நெளிந்து பொருந்தும் பொருள் இதுவொன்றே. கல்நெறியினர், மிக்சி வந்த நாள் முதல் கொல்லைப்புறத்தில் ஓய்வு பெற்றிருக்கும் அம்மிக் குழவிக்கு மறுவாழ்வு அளிப்பவர்கள். மூன்று நெறியினரும் ஒருவரையொருவர் மறுத்துரைத்தாலும், வெள்ளம் வந்த இரவில் துணியைத் திணித்து, அதன்மேல் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் குழவியை நிறுத்துவதில் மாறுபாடு காண்பதில்லை.

எத்தனை எடை தேவை என்பதைக் கணித்தல் கடினமன்று. பத்து செ.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு 78 சதுர செ.மீ.; வெளிநீர் குளியலறைத் தரையைவிட 30 செ.மீ. உயர்ந்து நின்றால், அடைப்பை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 2.3 கிலோ எடைக்குச் சமம். நீர் 45 செ.மீ. உயர்ந்தால் அது மூன்றரை கிலோ. அதற்கு மேல் கணக்கிடத் தேவையில்லை. ஏனெனில், பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரைக்கும் வாசற்படிக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு அவ்வளவுகூட இராது, அதைக் கடந்த நீர் துளையைத் தேடி அலையாமல் வாசல் வழியாகவே வந்துவிடும். ஆகவே, அடைப்புக் கலை முழுவதும் பயன் தருவது அந்த ஒன்றரைச் சாண் இடைவெளிக்குள் மட்டுமே. அம்மியையும் தூக்கி வைக்க வேண்டிய தேவை இயற்பியலில் இல்லை. எனினும் தூக்குகின்றனர், பின்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அமர்கின்றனர்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்பொருள் சமூகவியலாக மாறுகிறது. எல்லாத் தளத்துக் கழிவும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்கி, கீழே சேம்பரில் கலக்கும் இடங்களில், சேம்பர் நிரம்பி வெளிவழி அடைபட்டதும், மூன்றாம் தளத்தார் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரும் போக்கிடமின்றி, கிடைத்த முதல் திறப்பாகிய தரைத்தளத் துளையின் வழியே வெளிப்பட முயல்கிறது. மேல் வீட்டாருக்குத் துளை நீரை விழுங்கும் பொருளாகவும், கீழ் வீட்டாருக்கு அதுவே நீரைக் கக்கும் பொருளாகவும் தோன்றுவதால், இரு சாராரிடையே கருத்தொற்றுமை ஏற்படுவதற்கில்லை. ஆண்டு முழுவதும் புன்னகையோடு மட்டும் பழகிய கீழ்வீட்டு மாமி, அன்றிரவு மாடிப்படியேறிக் கதவைத் தட்டி, “கொஞ்ச நேரத்துக்குத் தண்ணி ஊத்தாதீங்கம்மா” என்று வேண்டுவதும், “நாங்க எதுவும் ஊத்தலையே மாமி” என்ற விடை முடிவதற்குள் உள்ளே ஃபிளஷ் இழுக்கும் ஒலி கேட்பதும், எழுதப்படாத குடியிருப்பு வரலாற்றின் பகுதிகள்.

மேல்நிலைத் தொட்டியையும் கீழ்நிலைச் சம்ப்பையும் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். புயலுக்கு முன் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பது ஒரு காரணம், நிரம்பிய ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒரு டன் எடையோடு அமர்ந்திருக்க, காலித் தொட்டி காற்றில் பக்கத்து மாடிக்குக் குடிபெயரக்கூடும் என்பது மற்றொன்று. மூடியின்மேல் வைக்கப்படும் ஒற்றைச் செங்கல் குறித்து மட்டும் எச்சரிக்கை தேவை. 2016-இல் வர்தா புயல் கரை கடந்தபோது வீசிய அளவான மணிக்கு 120 கி.மீ. காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ அழுத்தம் தரும், 40 செ.மீ. விட்டமுள்ள மூடியை அது எட்டு கிலோவுக்கும் மேலான விசையுடன் பெயர்க்க வல்லது. மூன்று கிலோச் செங்கல் அவ்விடத்தில் வழிபாட்டுப் பொருளேயன்றித் தடுப்பன்று. கயிற்றால் கட்டுவதே முறை. சம்ப்பின் வாய் தரைமட்டத்தில் இருந்தால் விளிம்பைச் செங்கல்லால் உயர்த்திப் பூசிவிட வேண்டும். சாக்கடை கலந்த சம்ப்பைப் பின்னர்க் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டு மீட்பது இதனினும் பன்மடங்கு உழைப்பு.

துளை அடைப்புக்கு நிலையான மாற்றாக, ‘நான் ரிட்டர்ன் வால்வு’ என்ற ஒருவழிக் கதவைச் சேம்பரில் பொருத்தலாம்; வெளியே செல்லும் நீருக்குத் திறந்து, திரும்பும் நீருக்கு மூடிக்கொள்ளும் மடல் அது. மடலுக்கிடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் சிக்கினாலும் அது மூடாது என்பதும், மூடியிருக்கும்போது வீட்டு நீரும் வெளியேறாது என்பதும் அதன் குறைகள். எனினும் வேட்டியைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதைப் பொருத்த உகந்த காலம், பிளம்பர்கள் ஓய்வாகக் கிடைக்கும் கோடை. அப்போது எவரும் அழைப்பதில்லை. குழாயில் நீரே வராத காலத்தில் நீர் திரும்பி வருவதைப் பற்றி அஞ்சுவதற்கு அசாதாரணக் கற்பனை வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று அனைவரும் அழைக்கின்றனர்; அன்று பிளம்பர் தம் வீட்டுத் துளையை அடைத்துக்கொண்டிருப்பார்.

இறுதியாக, அடைப்பை நீக்குதல். இத்துறையில் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்ட பகுதி இது. மழை விட்டு, தெருநீர் வடிந்து, சேம்பரின் மூடியைத் திறந்து நீர்மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியதை உறுதி செய்த பின்னரே அடைப்பை எடுக்க வேண்டும். நடைமுறையிலோ, அடைத்தவர் அலுவலகம் சென்றுவிட, மற்றவர்கள் குளிக்கத் தொடங்கி, நீர் கணுக்காலளவு தேங்கிய பின்னரே துணியின் நினைவு வருகிறது. அதற்குள் காலால் மிதிபட்டு அது வளைவுக்குள் இறங்கிவிட்டிருக்கும். வெள்ளத்தின்போது கிடைக்காத பிளம்பர், வெள்ளம் வடிந்த பின் இத்துணியை எடுப்பதற்காக வரவழைக்கப்படுகிறார். கொக்கிக் கம்பியால் அவர் உருவி வெளியே போடும் வேட்டித் துண்டை வீட்டார் அனைவரும் சூழ்ந்து நின்று பார்த்து, அது யாருடையது என்று அடையாளம் காண்கின்றனர். துணியைத் திணிக்கும் முன் அதன் ஒரு முனையில் ஒரு முழம் கொடிக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் குளியலறைக் குழாயில் முடிந்துவைத்தால் அந்தச் செலவு மிச்சமாகும்.