ஆறாயிரத்துக்கு ஆசைப்பட்டால்

ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசஸர்கள் 2022இல் வந்தபோது, மெமரி கன்ட்ரோலருக்குக் கம்பெனி எழுதிக்கொடுத்த வேகம் டிடிஆர்5-5200. ஆறாயிரம்தான் அம்சமான வேகம் என்று சொன்னதும் அதே கம்பெனிதான். பயாஸில் எக்ஸ்போ என்ற மெமரி புரொஃபைலை இயக்கினால் ஆறாயிரம் வந்துவிடும். கூடவே, இது ஓவர்கிளாக்கிங், சேதமானால் வாரன்டி கிடையாது என்ற எச்சரிக்கையும் வரும். விருந்துக்கு அழைத்துவிட்டு, வயிற்றுவலிக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குகிற உபசாரம்!

நம் ஆட்கள் ஆறாயிரத்தோடு நிற்பார்களா? 6400 வைப்பார்கள். திரை கறுத்துக் கிடக்கும். உள்ளே மெமரி டிரெயினிங் நடக்கிறதா, மதர்போர்டு மண்டையைப் போட்டுவிட்டதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். உடனே எஸ்ஓசி வோல்டேஜைக் ‘கொஞ்சம்’ ஏற்றுவார்கள். 2023இல் மதர்போர்டுகள் தாமாகவே ஏற்றிய ‘கொஞ்சம்’ எல்லை மீறி, சில 7800எக்ஸ்3டி சிப்கள் கருகின. பிறகு ஏஎம்டியே 1.3 வோல்ட்டில் பூட்டுப் போட்டது. மெமரி வேகத்தில் இன்னும் மேலே போனால், கன்ட்ரோலர் பெரும்பாலும் சத்தமில்லாமல் பாதி வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். யாரிடம் மல்லுக்கட்டக் கூடாது என்று அதற்குத் தெரியும்.

அப்புறம் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86. விடியற்காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பாகக் கண் சிமிட்டும், மறுபடியும் முதலிலிருந்து.

இத்தனைக்கும் கூலி, கேமில் கூடுதலாகச் சில ஃபிரேம்கள். அவற்றைக் காட்டவேண்டிய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். மற்ற நேரமெல்லாம் அதில் திறந்திருப்பது எக்ஸெல். ஷீட்டு மட்டும் சும்மா பறக்கிறதாம்.