இரண்டு ஏழரை

சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் திருநள்ளாற்றில் நள தீர்த்தக் கரையோரம் நின்றால், நாட்டிலுள்ள கஷ்டமெல்லாம் தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். கல்யாணம் தள்ளிப்போனவர், கடனில் மாட்டியவர், கோர்ட்டுக்கு நடந்தே கால் தேய்ந்தவர். முழுகி எழுந்து, கட்டியிருந்த துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, வேறு துணி உடுத்திக்கொண்டு தர்ப்பாரண்யேஸ்வரரைப் பார்க்கப் போவார்கள். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்த ஈரக் குவியலுக்குள் ஒரு நீல ஜெர்சி கிடந்தது. சென்னையின் எஃப்சி. படி கூட்டுகிற அக்கா துடைப்பத்தின் அடிக்கட்டையால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல துணி தம்பி, ஒரு கிழிசல் இல்ல. எந்தப் புள்ளைக்கு என்ன தோஷமோ."

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா. தோஷம் லீக்குக்கு."

அக்காவுக்கு அந்த ஜாதகத்தை நான் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது. உங்களுக்குச் சொல்கிறேன்.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. நாட்டுக் கால்பந்தின் ஒளிபரப்பு, விளம்பரம், புதிதாக ஒரு லீக் தொடங்கி நடத்துகிற உரிமை எல்லாம் ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு. குத்தகைத் தொகை 700 கோடி ரூபாய், காலம் 15 ஆண்டு. எங்கள் ஊர்க் கணக்கில் 15 ஆண்டு என்பது இரண்டு ஏழரை. சாதாரண மனுஷனுக்கு ஒரு ஏழரை முடிந்தால் அடுத்தது வர இருபத்திரண்டு வருஷமாவது ஆகும். நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம். கூட்டமைப்போ இரண்டையும் இடைவெளியில்லாமல், முன்பணத்தோடு வரவேற்று உட்காரவைத்தது.

2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. எட்டு நகரம், எட்டு அணி. இந்த அணிகள் எந்தத் தெருவிலும் முளைத்தவை அல்ல, எந்தக் கீழ் டிவிஷனிலும் முட்டி தேய்த்து ஏறி வந்தவை அல்ல. பிரியாணிக் கடைக்குக் கிளை எடுப்பார்களே, அந்த மாதிரி. பெயர்ப்பலகை தலைமைக் கடையுடையது, மசாலாவும் அவர்களுடையது. வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கிளைக் கட்டணமும் கட்ட வேண்டும். நஷ்டம் மட்டும் முழுக்க உங்களுக்கே சொந்தம்.

கல்லாவில் உட்கார யாரெல்லாம் வந்தார்கள்! கொச்சிக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, சென்னைக்கு அபிஷேக் பச்சன், பின்னாலேயே தோனி. கால்பந்தைக் காப்பாற்றக் கிரிக்கெட்காரர்களும் சினிமாக்காரர்களும் வேண்டியிருந்தது. மைதானத்துக்குள்ளே டெல் பியரோ, பீரெஸ், திரெசகே. எல்லோரும் மகா கலைஞர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நாற்பதை ஒட்டிய வயதில் நம்மிடம் வந்து சேர்ந்தவர்கள். அந்த டிசம்பர் 16-ஆம் தேதி இங்கே சனிப்பெயர்ச்சி, தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாலே நாளில் நவி மும்பையில் முதல் இறுதியாட்டம். சனீஸ்வரர் வீடு மாறியது அந்தப் பக்கமாகத்தான் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பஞ்சாங்கத் தகராறு உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச்சிலேயே சனிப்பெயர்ச்சி ஆகிவிட்டது. கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் இங்கே அது 2026-இல்தான். இந்தியக் கால்பந்திலும் இரண்டு பஞ்சாங்கம் ஓடியது. 2007-இல் தொடங்கிய ஐ-லீக் ஒன்று, காசு போட்ட சூப்பர் லீக் இன்னொன்று. எது முதல் டிவிஷன் என்று கேட்டால் கூட்டமைப்பு நவக்கிரகம் மாதிரி வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் கோயம்புத்தூரின் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர். பெயரில்தான் சென்னை, ஆடியதெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-19 ஐ-லீக்கின் கடைசி நாளான மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளிக் கோப்பையைத் தூக்கினார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார் என்று நம் பையன்கள் ஆடிய அணி. தேசிய லீக் ஒன்றில் சாம்பியன். உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் கீழே இருப்பவன் ஜெயித்தால் மேலே போவான், மேலே இருப்பவன் தோற்றால் கீழே வருவான். நம் பக்கத்து டீக்கடைப் போட்டியில்கூட அதுதான் சட்டம்.

அதே பருவத்தில் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்சி என்ன செய்தது தெரியுமா? 18 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். 2015-இலும் 2018-இலும் கோப்பை வென்ற அணிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் கடைசி. ஒன்றும் ஆகவில்லை. கட்டணம் கட்டியவருக்கு நாற்காலி நிரந்தரம். சாம்பியன் கோவைக்கோ வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்க அனுமதி. இரண்டே வருஷத்தில், 2020-21-க்குப் பிறகு, அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. துக்கம் கேட்கக்கூட எவனும் வரவில்லை.

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு உட்கார்ந்து, ஐ-லீக்கைக் கீழே தள்ளி, சூப்பர் லீக்கையே முதல் லீக் என்று ஆசீர்வதித்தது. கூடவே ஒரு வாக்குறுதி: 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம், 2024-25-இல் கடைசியானவர் கீழே இறங்க வேண்டும். ஏற்றம் நடந்தது. பஞ்சாப் வந்தது, முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. இறக்கம்? 2024-25-இல் கடைசியில் நின்றவரும் பத்திரமாகவே இருந்தார். அதற்குப் பதில் அணிகள் பக்கவாட்டில் நகர்ந்தன. தில்லி அணி ஒடிசாவுக்குக் குடிபோனது. புனே அணி கலைந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. பிறகு அந்த ஹைதராபாத் தில்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. தொண்டை கிழியக் கத்திய ரசிகன் எந்த விலாசத்துக்குக் கடுதாசி போடுவான்?

பிறகு 2025 வந்தது. கூட்டமைப்பின் சாசன வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்க, குத்தகை டிசம்பர் 8-ஆம் தேதி முடியப்போகிறது என்பது 15 வருஷமாக எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் இருந்த சங்கதி. கூட்டமைப்பு அலுவலகத்தில் மட்டும் தாள் கிழிக்க ஆளில்லை. லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல், ஜூலையில் அந்தப் பருவத்தையே நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி முதல் அணியின் வேலைகளை நிறுத்திக்கொண்டது. அக்டோபரில் புதுக் குத்தகைக்கு டெண்டர்: ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி. நவம்பர் 7 கெடு. எங்கள் ஊர்ப் பக்கம் தென்னை மரக் குத்தகைக்கே நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நூற்று நாற்பது கோடி ஜனங்களின் கால்பந்து லீக்கை ஏலம் கேட்க ஒரு ஆள் வரவில்லை. பூஜ்யம். நவம்பர் 18-ஆம் தேதி தேசிய அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது. உலகத் தரவரிசையில் 142. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வாங்கிய நாடு!

நளன் சூதாடி நாட்டைத் தோற்றான். ஆனால் காய் உருட்டியது அவன் கை, காட்டுக்குப் போனதும் அவன்தான். இங்கே உருட்டியவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள். 2026 ஜனவரி 2 அன்று சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் முதலிய ஆட்டக்காரர்கள் கேமராவுக்கு முன் நின்று, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் கெஞ்சினார்கள். நாட்டுக்காக 95 கோல் அடித்த சேத்ரியைச் சம்பளத்துக்கும் மைதானத்துக்கும் கையேந்த வைத்த வெட்கம் யாருடைய தலையில் விடியும்? நாலாம் நாள் விளையாட்டு அமைச்சர் மாண்டவியா அறிவித்தார்: பிப்ரவரி 14 முதல் 14 அணிகள், 91 ஆட்டங்கள். ஆளுக்குப் பதின்மூன்று ஆட்டம். முந்தைய பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஆடியது 24. வாய்க்கரிசியில்கூடக் குறைத்து அளந்தார்கள்.

எங்கள் காரைக்காலிலிருந்து இந்த லீக்குக்கு ஒரு அணி போக வழி இருக்கிறதா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரன் பந்தை உதைத்துவிட்டுப் போன ஊர்தான் இது.

அக்கா அதற்குள் குவியலை ஓரமாக ஒதுக்கியிருந்தார். நாஸ்தா வாங்க வந்த ஒரு பொடியன் ஜெர்சியைக் கண்டு கையை நீட்டினான்.

"தொடாதடா! அடுத்தவன் பீடை, ஒட்டிக்கும்."

பையன் கையை இழுத்துக்கொண்டான். ஆனாலும் நகரவில்லை. ஏழரை மணிக்குக் குப்பை வண்டி வந்தது.