ரஷ்யா சேர்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையில் எங்கே நூல் வெளியீடு நடந்தாலும், அழைப்பிதழில் 'நயவுரை' என்ற இடத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயர் இருக்கும். வெளியிடப்படுவது மழையைப் பற்றிய கவிதைத் தொகுதியாக இருக்கலாம், கோயில் வரலாறாக இருக்கலாம், கடலை பயிரிடுவது எப்படி என்ற கையேடாகக்கூட இருக்கலாம். அவருக்குப் பத்து நிமிடம். மேடையில் இருப்பவர்களின் பட்டம் பதவிகளைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம், நூலாசிரியரை வாழ்த்த ஒரு நிமிடம். நாலாவது நிமிடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த இடத்தில எனக்கு டோல்ஸ்டோய் ஞாபகம் வாறார்" என்பார். வந்த டோல்ஸ்டோய் அதற்குப் பிறகு எழும்பிப் போகமாட்டார். முதற்பிரதி வாங்கிய வர்த்தகர் மணிக்கூட்டைப் பார்ப்பார். தலைவர் துண்டு எழுதி அனுப்புவார். சேர் அந்தத் துண்டை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொரோடினோப் போர்க்களத்துக்குள் இறங்கிவிடுவார். தன் அறுபது பக்கத் தொகுதியைப் 'போரும் வாழ்வும்' நாவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாரே என்று நூலாசிரியர் மட்டும் பூரித்துப்போய் இருப்பார். சேர் அப்படி எங்கேயும் வைக்கவில்லை. தொகுதியை அவர் இன்னும் திறக்கவுமில்லை.

ஊருக்கொரு ரஷ்யா சேர் உண்டு. நான் சொல்லப்போவது தம்பிலுவில் பதிப்பை; மற்ற ஊர்ப் பதிப்புகளில் அட்டை மட்டும்தான் மாறும். அவர் வாழ்க்கையில் வடக்கே போன எல்லை பருத்தித்துறை. பார்த்த குளிர் நுவரெலியா, அதுவும் குரங்குத் தொப்பியோடு. ஆனால் பீற்றர்ஸ்பர்க்கில் நெவ்ஸ்கி வீதியால் நடந்துபோய் எந்தப் பாலத்தடியில் திரும்பவேண்டும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கரைப்பற்றில் பென்சன் எடுக்கப் போகும்போது வங்கியின் புதுக் கட்டடத்தைக் காணாமல் இரண்டு தரம் தாண்டிப் போனவரும் அவர்தான்.

இந்த வகை மனிதர் உருவானதற்குக் காரணம் எளிது. சோவியத் புத்தகம் மலிவு. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பிறகு வந்த ராதுகாவும் நல்ல தாளில், கெட்டி அட்டையில், தமிழிலேயே அச்சடித்து அனுப்பின. கார்க்கியின் 'தாய்' ரகுநாதனின் தமிழில் வந்தது. 'வெண்ணிற இரவுகள்' ரா. கிருஷ்ணையாவின் தமிழில். பூ. சோமசுந்தரம் என்பவர் மொஸ்கோவிலேயே இருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தந்துகொண்டிருந்தார். புது ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தில் ஒரு சாரமும் வாங்கி, லெர்மொந்தொவ்வும் வாங்கி, பஸ்ஸுக்கும் மிச்சம் வைக்கலாம். வேறெந்த நாட்டு இலக்கியம் அப்படி இறங்கி வந்தது? பிரான்ஸ்காரன் இந்த விலைக்குத் தந்திருந்தால் இவர் பிரான்ஸ் சேர் ஆகியிருப்பார்.

விமர்சன முறைமை கட்சியிலிருந்து வந்தது. இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி அறுபதுகளின் தொடக்கத்தில் மொஸ்கோ, பீக்கிங் என்று இரண்டாக உடைந்தபோது இங்கே வாசிகசாலை வாங்குகளும் உடைந்தன. மொஸ்கோ வாங்கில் இருப்பவருக்கு ஷோலகவ் மகாகலைஞர். பீக்கிங் வாங்கில் இருப்பவருக்கு அவர் 1959 இல் குருஷேவோடு கூட அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய திரிபுவாதி. 'டான் நதி' நல்ல நாவலா இல்லையா என்பது அந்த விமானச் சீட்டைப் பொறுத்தது. இரண்டு வாங்காரும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே கோயில் திருவிழாவில் ஒன்றாக நின்று கண்ணகி அம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்பது வேறு விடயம்.

சேரின் நிசமான விமர்சனங்கள் மேடையில் இல்லை, நூலகப் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலில் இருக்கின்றன. 'போரும் வாழ்வும்', டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழ். கிழவன் பெசூகவ் செத்து, முறைப்படி பிறக்காத மகன் பியருக்குச் சொத்தெல்லாம் போகிற இடத்தில் ஓரக்குறிப்பு: "உறுதி முடித்த நொத்தாரிசு யார்?" அதன் கீழே வேறொரு வாசகர் நீல மையில்: "இது கதை ஐயா." அதன் கீழே மறுபடி பென்சில்: "கதையென்றாலும் காணி காணிதான்." ஒஸ்தர்லிற்ஸ் போருக்கு முந்திய இரவில் ஆலோசனைக் கூட்டத்தில் தளபதி குத்தூஸவ் நித்திரை கொள்கிற இடத்தில் ஒரே சொல்: "கெட்டிக்காரன்." தான் தலைமை தாங்கும் கூட்டங்களில் சேரும் அதே உபாயத்தைத்தான் கையாள்கிறார்.

இந்தப் பென்சிலை எல்லாரும் சிரித்துக்கொண்டே கடந்து போவார்கள். ஆனால் அந்த நாவலின் பின்னுரைப் பகுதிக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. நெப்போலியன் திரும்பி ஓடிய பிறகு வருகிற பகுதி அது. பெரும்பாலான வாசகர்கள் அங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள். சேருக்கோ நாவலே அங்கேதான் தொடங்குகிறது. ஏன் என்று கேட்டால், எங்கள் கரையின் குடி வழமையை எடுத்துவிடுவார். இங்கே தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பிள்ளைக்குத் தாயின் குடிதான். வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவேண்டும். ஆகையால் எவரையும் தகப்பன் பேரைச் சேர்த்துக் கூப்பிடுகிற ரஷ்யர்கள் அவருக்கு முதலில் பிடிபடவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள், ஒருவருக்கும் குடி தெரியாது! பிறகு நிக்கொலாய் ரொஸ்தோவ் வந்தான். தகப்பன் கடனோடு செத்துப்போக, இளவரசி மரியாவைக் கட்டிக்கொண்டு, தாயையும் கூட்டிக்கொண்டு, பெண்ணின் காணியிலேயே போய்க் குடியிருந்தவன்.

"பாத்தீங்களா தம்பி, எங்கட ஆள்!" என்று அந்தப் பக்கத்தைத் தட்டுவார் சேர். "பொஞ்சாதிர காணியில ஒரு துண்டும் விக்கல்ல. வட்டைக்குள்ள இறங்கி நிண்டு, வேலைக்காரனிட்டயே வேளாண்மையப் படிச்சு, மூண்டு நாலு வருசத்தில அப்பன்ர கடன அடைச்சான். இவன்தான் போடியார். நெப்போலியன் எல்லாம் சும்மா வந்திட்டுப் போன ஆள்."

ரஷ்ய நிலவுடைமையைப் பற்றிப் பெரிய விமர்சகர்கள் எழுதியதைக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். நிக்கொலாய் விவசாயியிடம் வேலை பழகியதை அவர்களும் சொல்வார்கள். மாமியார் வீட்டில் இருப்பவனுக்குக் கடன் அடைக்கிற அவசரம் எப்படி வரும் என்பதைச் சொன்னவரை நான் காணவில்லை. சேரின் மனைவி புத்தகத்தைத் தொட்டதில்லை, கதையைக் கேட்டே களைத்தவர். நத்தாஷா கடைசியில் நாலு பிள்ளைகளோடு, தலைகூட ஒழுங்காக வாராமல், பிள்ளையின் வயிற்றுக்கோளாறு சரியாயிற்று என்று துணியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவருகிற இடத்தில் உலகமெங்கும் வாசகிகள் டோல்ஸ்டோயைத் திட்டுகிறார்கள். இவர் மட்டும், "அந்த மனிசன் புள்ள வளத்திரிக்கார்" என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார்.

பின்னுரையின் இரண்டாம் பகுதி முழுக்க வரலாற்றுத் தத்துவம். பென்சில் கோடு அதற்குச் சரியாக ஒரு பக்கம் முன்னதாக நின்றுவிடுகிறது. அதைப் பற்றி நாம் கேட்பதில்லை.

சேருக்கு எதிர்க்கட்சி அக்கரைப்பற்றில் இருக்கிறது. அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். ஐத்மாத்தவின் 'ஜமீலா'வைப் பெயரைப் பார்த்து, நம்மட பிள்ளையொன்றின் கதையென்று வாங்கியவர். புருசன் போர்முனையில் இருக்க, ஜமீலா தானியாரோடு கிளம்பிப் போனதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஆலைக் கணக்குப்பிள்ளையிடம், "போனது பிழைதான். ஆனா அந்தப் பாட்டக் கேட்டா யாரும் போவாங்க" என்றாராம். இவருடைய உரைகல் 'ஹாஜி முராத்'. டோல்ஸ்டோய் இளம் வயதில் கவ்காஸில் பட்டாளத்தில் இருந்தவர். ஹாஜி முராத் 1852 இல் கொல்லப்பட்டார். டோல்ஸ்டோய் கிழவராகித்தான் அந்தக் கதையை எழுதினார், அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1912 இல். ரஷ்யச் சிப்பாய்கள் ஒரு மலைக்கிராமத்தைக் கொளுத்தி, பள்ளிவாசலையும் தண்ணீர் ஊற்றையும் அசிங்கப்படுத்திவிட்டுப் போகிற அத்தியாயம் ஒன்று அதில் உண்டு. "எழுதினவன் கொளுத்தினவன்ர ஆள். அதுதான் சேர் மனிசன்" என்பார் ஹாஜியார். அந்த ஒரு இடத்தில் மட்டும் சேர் லெனினைக் கொண்டுவர மாட்டார்.

சண்டைப் புத்தகங்களுக்கென்று தனி நாள் வைத்திருக்கிறார்கள். இடம் தேத்தண்ணிக் கடை. பிளேன்ரீக் கிளாஸ்தான் ஸ்டாலின்கிராட், சீனிப் போத்தல் பவுலுஸின் ஆறாவது படை, இரண்டு பக்கமும் வைத்த பணிஸ்கள் ருமேனியப் படைகள். 1942 நவம்பர் 19 காலை சோவியத் படை எங்கே உடைத்துக்கொண்டு வந்தது என்று சேர் கரண்டியால் காட்டுவதற்குள், பக்கத்து மேசைக்காரர் தெரியாமல் வலப்பக்க ருமேனியப் படையை எடுத்துத் தின்றுவிட்டார். "சரியா இப்பிடித்தான் நடந்தது!" என்று சேர் மேசையில் அடித்தார்.

ஒருமுறை வெளியூர்ப் பொடியன் ஒருவன், "தொண்ணூறாம் ஆண்டு இஞ்ச என்ன நடந்தது சேர்?" என்று கேட்டான். சேர் ஹாஜியாரைப் பார்த்தார், ஹாஜியார் சேரைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார்கள். லெனின்கிராட் முற்றுகை 872 நாள் என்று சேர் ஆரம்பித்தார். ஹாஜியார் ஒவ்வொரு நாளையும் கேட்டார். அந்தக் காலத்தில் உள்ளூர்ப் புத்தகத்தை விமர்சித்தால் மூன்று நாலு பக்கத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும். டோல்ஸ்டோயைப் பற்றி எதுவும் சொல்லலாம், அவர் இரவில் ஆள் அனுப்பமாட்டார்.

இப்போதைய இளைஞர்களுக்கு வெண்ணிற இரவுகளோடு ரஷ்யா முடிந்துவிடுகிறது. அதிலும் பாதிப் பேர் 'இயற்கை' படம் வழியாக வந்தவர்கள். அவர்கள் கண்கலங்கிச் சொல்வதைச் சேர் பொறுமையாகக் கேட்பார். "நாலு இரவு ஒரு பொம்புளப் புள்ளையோட பாலத்தடியில நிண்டு கதைச்சிரிக்கான். தம்பிலுவில்ல எண்டா ரெண்டாம் இரவுக்கே தமையன்மார் வந்திருப்பாங்க. நாவல் முப்பது பக்கம்."

செகாவ் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல். 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கியவர், கொழும்பும் கண்டியும் பார்த்து, சொர்க்கம் என்று சொல்லி, கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார். கிழக்குப் பக்கம் தலைவைத்தும் பார்க்கவில்லை. ரயிலில்லாமல் எப்படி வருவார் என்று யாரோ கேட்டார்கள். "இண்டைக்கு வந்தாலும் மட்டக்களப்பில இறங்கி பஸ்தான் பிடிக்கோணும்" என்று சேர் ஒத்துக்கொண்டார். அந்தக் கீரி 1892 இல் மொஸ்கோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போனதை மட்டும், ஊர்ப் பிள்ளையொன்று மருத்துவ பீடத்துக்குப் போனதுபோலச் சொல்வார்.

டிசம்பர் 26 அவருக்கு ஆகாத நாள். 1991 இல் அந்தத் தேதியில் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைந்தது, புத்தகம் வருவது நின்றது. 2004 இல் அதே தேதியில் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறைக் கரை. சேரின் வீட்டில் உயிர் தப்பியது, அலுமாரி தப்பவில்லை. வேலியில் தொங்கிய கார்க்கியை அவர் எடுக்கவும் போகவில்லை; அன்றைக்கு யார் புத்தகம் தேடியது? மாதங்கள் கழித்துத்தான் கணக்குப் பார்த்தார். மிஞ்சியவையெல்லாம் இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்களிடம் இருந்தவை. வாழ்நாளெல்லாம் அவர் ஏசிய கூட்டம்தான் அவருடைய நூலகத்தைக் காப்பாற்றியிருந்தது.

அதில் ஒன்று, 'போரும் வாழ்வும்' இரண்டாம் பாகம், அம்பாறை ரோட்டுப் பக்கம் ஹாஜியாரின் ஆலையில், கணக்குப் புத்தகங்களுக்கு மேலே இருக்கிறது. போன கிழமை சேர் வாய்விட்டுக் கேட்டேவிட்டார்.

"சேர், கடல் இன்னும் அங்கதானே இரிக்கி. புத்தகம் இஞ்ச இருக்கட்டும்" என்றார் ஹாஜியார்.

"சரி, வாசிச்சு முடிச்சிட்டீங்களா?"

"முதலாம் பாகம் இல்லாம எப்பிடி சேர் வாசிக்கிற? அதையும் தாங்க எண்டு அப்பவே கேட்டன். இப்ப அது கடல்ல."

"அப்ப கல்முனைக் கூட்டத்தில முக்கா மணித்தியாலம் பேசினது?"

"அது விமர்சனம் சேர்."

அன்றைக்குத் தேத்தண்ணிக் காசைச் சேர் கொடுக்கவில்லை.