மாமனாரும் டர்போவும்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதாவதொரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கமிட்டி கூடிவிடும். எனக்கு வாய்த்த கமிட்டியில் ஒருவர் ஜாவா, ஒருவர் டெஸ்டிங், ஒருவர் கிளவுடு. ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னால் மூவரும் யூடியூப் பார்ப்பார்கள். ஆனால் என் டீசல் காருக்கு என்ன வியாதி என்பது மூவருக்கும் தெரியும்.

வண்டி 2012 மாடல். "போயும் போயும் டீசலா வாங்கினீங்க?" என்று இப்போது கேட்பவர்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். பெட்ரோலுக்கு விலைக் கட்டுப்பாடு 2010-லேயே போய்விட்டது. டீசலை மட்டும் 2014 அக்டோபர் வரை அரசாங்கம் தாங்கிப் பிடித்தது. அந்த நாலு வருஷ இடைவெளியில் நடுத்தர வர்க்கமே கால்குலேட்டரோடு ஷோரூம் ஏறியது. லிட்டருக்கு இவ்வளவு மிச்சம், கிலோமீட்டருக்கு இவ்வளவு மிச்சம். சத்தத்துக்கு அந்தக் கால்குலேட்டரில் பட்டன் இல்லை.

வியாதி இரண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், தாலுகா ஆபீசில் மனு கொடுத்த மாதிரி, மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் காத்திருந்தால் வண்டி தடாலென்று பாயும். இப்போது காத்திருப்பு மட்டும்தான். இரண்டாவது, சத்தம். நிற்கும்போது டகடக, இழுக்கும்போது உஸ்ஸ்.

டர்போவின் சூட்சுமம் எளிது. வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. ஆனால் புகை வேகமாக வந்தால்தான் அது சுற்றும், எஞ்சின் சுற்றினால்தான் புகை வேகமாக வரும். பழைய டீசல்களில் 2,000 ஆர்பிஎம்-ஐ ஒட்டித்தான் டர்போவுக்குக் கண்ணே திறக்கும். மேம்பால டோலுக்குக் கஞ்சப்பட்டு, சில்க் போர்டு சந்திப்பு முதல் வீடு வரை கீழ் ரோட்டிலேயே உருண்டு வருகிற வண்டி 2,000-ஐ எந்த ஜென்மத்தில் பார்க்கும்? இது டர்போ லேக்கா, டிராஃபிக் லேக்கா என்று தெரிந்துகொள்ளவே பணம் கட்டியாக வேண்டும். கட்டினேன். 2010-ல் திறந்த அந்தப் பத்து கிலோமீட்டர் மேம்பாலம்தான் என் காருக்கு முதல் ஸ்கேன் சென்டர்.

மேலே ஏறியதும் சங்கதி தெளிவாகிவிட்டது. மூன்றாவது கியரில் 2,500 தாண்டியும் இழுவை இல்லை. ரியர்வியூ கண்ணாடி முழுக்கக் கரும்புகை. டர்போ தாமதமாக வருவது பிறவிக் குணம், அதற்கு வைத்தியம் கிடையாது. வராமலே இருப்பதுதான் வியாதி.

டெஸ்டிங்காரர் ஒரு புளூடூத் கருவியைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார். போனில் பி0299 என்று வந்தது. டர்போ தள்ளும் காற்றழுத்தம் போதவில்லை என்று அர்த்தமாம். அதைத்தானே ஐயா நானும் இத்தனை நாளாகச் சொல்கிறேன்! "டர்போ காலி ஜி, மாத்திடுங்க" என்றார் ஜாவா. கிளவுடு, சாஃப்ட்வேரை மாற்றினால் போதும் என்றார். அவருக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

அந்த வாரம் சேலத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஓசூர் ரோட்டின் அந்த முனையில், ஆடுகோடியில், மைக்கோ என்று ஊரே அழைத்த தொழிற்சாலை 1950-களிலிருந்து டீசல் பம்பு செய்தது. தான் ஓட்டிய பஸ்ஸில் இருந்தது அந்தப் பம்புதான் என்ற உரிமையில், டீசல் விஷயத்தில் அவர் தன்னைப் பாதி பெங்களூருக்காரராகவே கருதுகிறார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று கேட்டார். முனையை எஞ்சின்மேல் அங்கங்கே ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தார். கமிட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"டகடகவை விடுங்க மாப்பிள்ளை. நாலும் ஒரே தாளத்துலதான் அடிக்குது."

சரியாகத்தான் சொன்னார். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுங்கிக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றும். பற்றுவதற்குள் ஒரு நொடியின் துணுக்கு தாமதம். அதற்குள் சேர்ந்த டீசல் ஒரேயடியாக எரியும்போது வருவதுதான் டகடக. காமன் ரெயில் வண்டிகளில் முதலில் ஒரு துளி, பிறகு மீதி என்று பிரித்துப் பீச்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள். அடியோடு ஒழிக்க முடியவில்லை. நாலில் ஒரு இன்ஜெக்டர் மட்டும் தனி ஆவர்த்தனம் வாசித்தால்தான் பயப்பட வேண்டும்.

"உஸ்ஸுன்னு வருது பாருங்க, அதான் செலவு வைக்கிற சத்தம். காத்து எங்கியோ வெளிய போவுது."

பொம்மசந்திரா பக்கம் ஒரு தருமபுரி மெக்கானிக். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டார். காற்று வரும் வழியை ஒரு முனையில் அடைத்து, டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சமாகக் காற்றைவிட்டு, இன்டர்கூலர் ஹோஸ்மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத வெடிப்பு ஒன்றில் நுரை பொங்கியது. மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். கமிட்டியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஹோஸ் மாற்றியாயிற்று. கையோடு, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வையும் கழற்றிக் காட்டினார் மெக்கானிக். உள்ளே கரி அடை அடையாக அப்பியிருந்தது.

"கீழயே உருட்டுனா இப்படித்தான் சார் அடைக்கும். வாரத்துக்கு ஒருவாட்டி மேல ஏத்தி, மூவாயிரத்துல வெச்சு ஓட்டுங்க."

2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் வந்ததிலிருந்து நான் பி.டி.எம். லேஅவுட் ஆபீசுக்கு மெட்ரோவில்தான் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மருத்துவர் சொன்னபடி, காரை மேம்பாலத்துக்கு அழைத்துப்போய் சில்க் போர்டில் திருப்பிக் கூட்டிவருகிறேன். ஃபாஸ்டாகில் கழியும் காசுக்கு மெசேஜ் என் மனைவியின் போனுக்குத்தான் போகும்.

"நீங்க ஆபீஸ் போறதுக்கு மெட்ரோ டிக்கெட்," என்றாள், "கார் வாக்கிங் போறதுக்கு டோலா?"