டவுன் பஸ் போகும் வெளிநாடு

எர்ணாகுளத்தில் டவுன் பஸ் ஏறிப் போய் இறங்கக்கூடிய வெளிநாடு ஒன்று உண்டு. விசா வேண்டாம், சில்லறை இருந்தால் போதும். பெயர் காக்கநாடு. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே அங்கேதானே இருக்கிறது என்று குழம்பாதீர்கள். 1984இல் ஏற்றுமதி மண்டலமாகப் பிறந்து, 2000இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாகப் பதவி உயர்வு பெற்ற கொச்சி மண்டலத்தின் மதில் அங்கே இருக்கிறது. அதற்கு உள்ளே, சுங்க வரியைப் பொறுத்தவரை, இந்தியா கிடையாது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பாவிக்கச் சொல்கிறது. கடவுள் தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். சுங்கத்துறை மதிலுக்கு வெளியே மட்டும் இருக்கும்.

வியட்நாம் மிளகு கொச்சியில் இறங்கி அந்த மதிலுக்குள் போனால் வரி இல்லை. சாறு பிழிந்து ஏற்றுமதி செய்வதற்காம். மதில் கசிகிறது என்று இடுக்கி, வயநாட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கத்துகிறார்கள். 2015 வாக்கில் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு நாலைந்து வருடத்தில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. அரசு சும்மா இருக்குமா? விலை சரிந்துகொண்டிருந்தபோதே, 2017 டிசம்பரில், 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு நாட்டுக்குள் வரக்கூடாது என்று சுவர் எழுப்பியது. பிறகு, ஏற்றுமதி மண்டலங்களுக்கு விலக்கு என்று அதே சுவரில் வாசல் வைத்துக் கொடுத்தது.

இந்தத் திருப்பணிக்கு அஸ்திவாரம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் போட்டார்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பத்து நாடுகளோடு சரக்கு வர்த்தக ஒப்பந்தம். மிளகு வரி 70 சதவீதத்திலிருந்து 50க்கும், தேயிலை, காப்பி வரி 100லிருந்து 45க்கும், கச்சாப் பாமாயில் வரி 80லிருந்து 37.5க்கும் 2019க்குள் இறங்கும். பலியாட்டுக்கு மாலை போடுவதுபோல இவற்றுக்குச் 'சிறப்புப் பொருள்கள்' என்று பட்டமும் சூட்டினார்கள். இழப்புக்கு ஈடு? நம் பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குச் சிங்கப்பூர் போவார்களாம். மிளகு 2010 ஜனவரியிலேயே கிளம்பிவிட்டது; சேவைத்துறை ஒப்பந்தம் 2015 ஜூலையில்தான் கண் விழித்தது. 2022-23இல் ஆசியானோடு நமக்கு வர்த்தகப் பற்றாக்குறை 4,300 கோடி டாலருக்கு மேல்.

யார் குற்றம் என்று கேட்டுப் பாருங்கள்; ஒருவரும் அகப்பட மாட்டார்கள். காங்கிரஸ் அமைச்சர் ஆனந்த் சர்மா கையெழுத்திட்டார். காங்கிரஸின் தவறு என்று இன்றைய பா.ஜ.க. அமைச்சர்கள் சாடுகிறார்கள்; ஆனால் 2003 அக்டோபரில் பாலியில் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது வாஜ்பாய் அரசு. இடதுசாரிகளோ 2009 காந்தி ஜெயந்தி அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தார்கள். பிரமாதம். ஆனால் பேச்சுவார்த்தை நடந்த 2004 முதல் 2008 ஜூலை வரை மன்மோகன் அரசைத் தாங்கிப் பிடித்த தோள் அவர்களுடையது. எதிர்த்துப் பேசினார்கள் என்பதை மறுக்கவில்லை. தோளை விலக்கியது அமெரிக்காவோடான அணு ஒப்பந்தத்துக்காக, மிளகுக்காக அல்ல.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் சிரிக்க வேண்டாம். பொள்ளாச்சியில் தென்னை வளர்ப்பவர், தேங்காய் விலை விழுந்த அன்று ரேஷன் கடையில் வரிசையில் நின்று, லிட்டர் 25 ரூபாய்க்கு இறக்குமதிப் பாமாயில் வாங்கி வருகிறார். தன் தேங்காயைத் தோற்கடிக்கும் எண்ணெய்க்குத் தன் வரிப்பணத்திலேயே மானியம் கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று அவர் கேட்டால், கோரிக்கை பரிசீலனையில் இருக்கும். பரிசீலனைக்கு மட்டும் இந்த நாட்டில் இறக்குமதி தேவைப்பட்டதே இல்லை.

விளைவிப்பவனைக் கேட்காத ஒப்பந்தம் கொச்சிக்குப் புதிதல்ல. 1663இல் டச்சுக் கம்பெனி கொச்சி ராஜாவோடு உடன்படிக்கை செய்து, மிளகு வாங்கும் ஏகபோகத்தை எழுதி வாங்கியது. மட்டாஞ்சேரி அரண்மனையைச் செப்பனிட்டும் கொடுத்தது. அரண்மனைக்குக் கூரை கிடைத்தது. மிளகுக் கொடி நட்டவனை யாரும் கேட்கவில்லை. அதே டச்சுக்காரர்கள், ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு செய்த வர்த்தக, அரசியல் கூட்டு ஒப்பந்தத்தை 2016 ஏப்ரலில் தங்கள் நாட்டில் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் அரசு ஏதோ சமாதானம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஒப்புதல் கொடுத்துவிட்டது, அது வேறு கதை. கேட்கவாவது கேட்டார்கள்.

இங்கே? ஊராட்சியில் ஒரு மதகு கட்டக் கிராமசபைத் தீர்மானம் கேட்கிறோம். பல லட்சம் குடும்பங்களின் விளைபொருளுக்கு விலை வைக்கும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை. அமைச்சரவை தலையாட்டினால் போதும்.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்து 2025க்குள் முடிப்பதாக 2023இல் பேசி வைத்தார்கள். இந்த முறையாவது கையெழுத்துக்கு முன் வரைவை அவையில் வையுங்கள். எந்த உறுப்பினர் கை தூக்கினார், யார் கழிப்பறைக்குப் போனார் என்று பெயர் சொல்லிப் பதியுங்கள். அடுத்த மனிதச் சங்கிலியில் எங்கள் கையைப் பிடிக்க வருகிறவரின் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம், மை காய்ந்திருக்கிறதா என்று.