கொஞ்சம் ஆடாமல் உட்காருங்கள்

குவிய நீளத்தை மாற்ற இயலாத லென்ஸைப் புகைப்படத் தொழிலில் பிரைம் என்பர். உருவம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஜூம் வளையத்தைத் திருகுவதற்குப் பதிலாகப் படம் எடுப்பவரே முன்னே நடக்க வேண்டும், முழு உருவம் வேண்டுமானால் பின்னே நடக்க வேண்டும், பின்னால் நாற்காலி வரிசை இருந்தால் அதன்மேல் விழவும் வேண்டும். பிரைம்களுள் துளை மிக அகன்றவை, அதாவது மங்கிய ஒளியிலும் ஷட்டரை விரைந்து மூட இடங்கொடுப்பவை, வேக லென்ஸ்கள் எனப்படும். குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் விடையே எஃப் எண் என்பதால், எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருக்கும். விலையும் உடன் பெருக்கும். 85 மி.மீ. குவிய நீளமும் எஃப் 1.4 துளையும் உடைய லென்ஸில் ஒளி புகும் வழி ஏறத்தாழ 61 மி.மீ. விட்டமுள்ளது. ஆளைவிட்டு ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் செய்வதால் மூக்கு முன்னே துருத்தாது, முகம் முகமாகவே வரும் என்பதே இந்த 85 மி.மீ. அளவு முகப்படத்துக்கு உரியதாகக் கொள்ளப்படுவதன் காரணம்.

முகப்படத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்ட முதல் லென்ஸ் 1840-இல் வியன்னாவில் உருவானது. அதற்கு முந்தைய ஆண்டு பாரிசில் டாகெர் தம் புகைப்பட முறையை வெளியிட்டபோது கிடைத்த லென்ஸ்கள் ஒளியைச் சொட்டுச் சொட்டாகவே உள்ளே விட்டமையால், படம் எடுத்துக்கொள்பவர் நல்ல வெயிலிலும் நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. தலை அசையாதிருக்கப் பின்கழுத்தில் இரும்புக் கவ்வி பொருத்தும் வழக்கமும் வந்தது. அக்காலப் படங்களில் எல்லோரும் வாசலில் கடன்காரரைக் கண்டவர்போல் விறைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் இக்கவ்வியே. கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வல், கணக்கில் தேர்ந்த ஆஸ்திரிய பீரங்கிப் படையினர் சிலரின் உதவியோடு எஃப் 3.6 அளவிலான லென்ஸைக் கணக்கிட்டு முடிக்க, ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்க, நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின. பீரங்கிப் படையால் மனித முகத்துக்கு விளைந்த நன்மைகளில் இது தலையாயது. இரண்டாவதாக ஒன்று எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

பெட்ஸ்வல் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் சுழித்துக் கலங்கியும் காட்டும். அக்கலக்கத்தைப் போக்க ஒளியியலார் நெடுங்காலம் பாடுபட்டு வெற்றியும் கண்டபின், 2013-இல் லோமோகிராஃபி நிறுவனம் அதே சுழிப்பை வேண்டுமென்றே தரும் புதிய பெட்ஸ்வல் லென்ஸை அறிவித்துப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியது. மக்களும் மகிழ்ந்து கொடுத்தனர். லென்ஸை மதிப்பிடப் புகுவோர் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், எது குறை, எது குணம் என்ற வாதத்தில் பெருமளவு மூச்சு மிச்சமாகும்.

ஆனால் மதிப்பீட்டாளர் அவ்வாறு செய்வதில்லை. அவர் புதிய லென்ஸை முதலில் ஒரு செங்கல் சுவருக்கு எதிரே முக்காலியில் நிறுத்தி, எடுத்த படத்தைக் கணினித் திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெருக்கி, இடது மூலைச் செங்கல்லின் பூச்சுக்கோடு வலது மூலையதைவிடச் சற்றே தளர்ந்திருப்பதைக் கண்டு வாடுகிறார். சுவருக்கு வரன் பார்ப்பவர் எவருமில்லை. முகப்படத்தின் மூலையில் இருப்பது பெரும்பாலும் திரைச்சீலை. அதுவும் மங்கித் தெரிய வேண்டும் என்பதற்காகவே பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சுவரைவிடக் கடுமையான சோதனைக்கூடம் தமிழ்நாட்டுத் திருமண மேடை. ஃபோகஸ் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் பகுதியைத் தொழிலில் டெப்த் என்பர். முழுச்சட்டகக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் அந்த டெப்த் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். மணப்பெண் முகத்தைச் சற்றே திருப்பியிருந்தால் அருகிலுள்ள கண் தெளிவாகவும் மறு கண் பனியிலும் இருக்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் இன்றைய கேமராக்கள் வருமுன், பளிச்சென்று மின்னும் பொருளை நாடிச் செல்வதே தானியங்கி ஃபோகஸின் இயல்பாக இருந்தமையால், நெற்றிச்சுட்டியின் கல் ஒவ்வொன்றும் எண்ணத்தக்க தெளிவோடும், அதை அணிந்தவர் யாரென்று ஊகிக்கத்தக்க அளவிலும் அமைந்த படங்கள் பல ஆல்பங்களில் இடம்பெற்றன. நகைக் கடைக்காரர் இவற்றைக் குறைகூற மாட்டார்.

மாப்பிள்ளை வேறு வகையில் பயன்படுகிறார். வெவ்வேறு நிறத்து ஒளி வெவ்வேறு தொலைவில் குவிவதால் உண்டாகும் நிறப்பிறழ்ச்சி, துளையை முழுக்கத் திறக்கும்போது, ஃபோகஸுக்கு முன்னுள்ள வெண்மையின் விளிம்பில் ஊதாவாகவும் பின்னுள்ளதன் விளிம்பில் பச்சையாகவும் படியும். பட்டு வேட்டியில் நெசவாளர் நெய்யாத ஊதாக் கரை ஒன்று தென்பட்டால் லென்ஸ் திருத்தம் போதாது என்று அறியலாம். மேடைக்குப் பின்னுள்ள சீரியல் விளக்குகள் பொக்கே எனப்படும் மங்கலின் தரத்தைக் காட்டும். அவை முழு வட்டமாக வந்தால் நலம். ஓரத்தில் பூனைக்கண்போல் நீள்வது லென்ஸ் குழல் ஒளியை வெட்டுவதால். வட்டத்துக்குள் வெங்காய வளையங்கள் தெரிவது, கோள வடிவிலிருந்து விலகிய பரப்புடைய கண்ணாடியை வார்த்த அச்சில் எஞ்சிய நுண்ணிய தடங்களால்.

வீடியோவில் சிக்கல் முற்றுகிறது. புகைப்படத்தில் ஒரு நொடிப்பகுதிக்கு ஃபோகஸ் அமைந்தால் போதும். வீடியோவிலோ இரண்டரை சென்டிமீட்டர் தெளிவுக்குள் ஒரு மனிதர் பேசி, சிரித்து, மூச்சும் விட வேண்டும். அவர் மூச்சை அடக்கினாலும் லென்ஸ் விட்டுவிடுகிறது: ஃபோகஸ் நகரும்போது காட்சிக் கோணமும் விரிந்து சுருங்குவதை பிரீத்திங் என்பர், பெண்ணிலிருந்து மாப்பிள்ளைக்கு ஃபோகஸை மாற்றும்போது மேடையே ஒருமுறை முன்னே வந்து பின்னே போவதாகத் தோன்றும். மோட்டார் ஓசையையும் மதிப்பிட வேண்டும் என்பர்; நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் இடத்தில் இதை விட்டுவிடலாம்.

வெளிப்புறப் படப்பிடிப்பு தனிக் கூத்து. நொடிக்கு 25 சட்டகம் ஓடும் வீடியோவில், அசைவு இயல்பாகத் தெரிவதற்காக ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைப்பது மரபு. ஒளியுணர்வு அளவு ஐ.எஸ்.ஓ. 100-இல் உச்சி வெயிலுக்கு அப்போது எஃப் 22 அளவுத் துளை தேவைப்படும். பின்னணி மங்க வேண்டுமென்று எஃப் 1.4-க்குத் திறந்தாலோ தேவையைப்போல் 256 மடங்கு ஒளி உள்ளே பாயும். ஆகவே ஒளியை வாரி வழங்கும் லென்ஸைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர், 256 பங்கில் 255 பங்கைத் தடுத்து நிறுத்தும் என்.டி. ஃபில்டர் என்னும் கறுப்புக் கண்ணாடியை மேலும் பொருள் கொடுத்து வாங்கி அதன் வாயில் மாட்டுகிறார்.

துளையை அகட்டும் முயற்சியின் எல்லை 1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ திரைப்படத்தில் எட்டப்பட்டது. நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸை வாங்கிய இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், மெழுகுவர்த்தி ஒளியிலேயே உட்புறக் காட்சிகள் சிலவற்றை எடுத்தார். டெப்த் அவ்வளவு மெலிந்திருந்ததால், பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து நடிகரின் தலை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஃபோகஸைத் திருப்பினர். நடிகர்களும் அசைவைக் குறைத்துக்கொண்டனர். ஆளை ஆடாமல் உட்காரும் தண்டனையிலிருந்து மீட்கப் பெட்ஸ்வல் துளையை அகட்டினார். அகட்டிக்கொண்டே போனவர்கள் அந்த ஆளைப் பழைய நாற்காலியிலேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டனர். கவ்வி ஒன்றுதான் குறை.

எடையையும் கூற வேண்டும். சோனியின் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம், கேனானின் ஆர்.எஃப். வகை 85 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 1,195 கிராம். ஒளி இரண்டேகால் மடங்கு கூட, எடை மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது; விலை எடையையும் முந்துகிறது. முகூர்த்தம் முதல் வரவேற்பு வரை இதைத் தூக்கி நிற்பவரின் தோள்பட்டை எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

இறுதி மதிப்பீடு பெண் வீட்டாருடையது. தஞ்சாவூர்த் தட்டு, தோரணம், இறக்குமதிப் பூக்கள் என்று பெரும்பொருள் செலவிட்டு அமைத்த மேடை எங்கே போயிற்று என்று பெண்ணின் தந்தை கேட்பார். அவ்வண்ண வட்டங்கள்தாம் மேடை என்ற விளக்கம் அவரிடம் எடுபடாது. தாலி கட்டும் படத்தில் பெண்ணுக்குப் பின்னால் விளக்கேந்தி நின்ற நாத்தனாரின் முகம் கலங்கியிருந்தால், அது ஒளியியலின் பிழை என்று நம்பவும் அவ்வீட்டில் ஆளிருக்காது. எனவே அனுபவமுள்ள படப்பிடிப்பாளர் மேடைப் படங்களை எஃப் 8-இல் எடுத்துவிடுகிறார். அத்துளையில் நல்ல 85 மி.மீ. லென்ஸ்கள் யாவும், விலை எதுவாயினும், ஏறக்குறைய ஒரே படத்தையே தருகின்றன.