செம்போத்தும் காலிங் பெல்லும்

ரிமோட்டில் இயங்கும் மலிவான கேமரா வேண்டும் என்றால், 'மலிவான' என்பதைக் கடைக்காரர்கள் காதிலேயே வாங்குவதில்லை. எனக்கு வேண்டியதோ சின்னக் காரியம். திருவாலங்காட்டில் எங்கள் கொல்லை முருங்கை மரத்தடிக்குக் காலையில் ஒரு செம்போத்து வரும். கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் மாதிரி சிவந்த கண். இறக்கை இருந்தும் நடந்தேதான் வரும். ஆளைக் கண்டால் வேலிக்குள் மறைந்துவிடும். ஆகவே கேமரா அங்கே இருக்க வேண்டும், நான் இங்கே இருக்க வேண்டும்.

முதலில் செல்போன். அதற்கு 200 ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் பொத்தான் கிடைக்கிறது. போனின் வால்யூம் பட்டன் போல் நடிப்பதுதான் அதன் வேலை. நன்றாகவே நடித்தது. ஆனால் போனை மரத்தடியில் வைத்துவிட்டு வந்த நேரம் பார்த்து எவராவது லோன் வேண்டுமா என்று கூப்பிடுவார். செம்போத்துக்கு லோன் வேண்டாம் போலிருக்கிறது, ஓடிவிட்டது.

அரக்கோணம் லோக்கலைப் பிடித்து ரிச்சி தெரு போனேன். பழைய கேனான் 700டி ஒன்றைக் காட்டினார்கள். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவுக்கு அழகான இன்ஃப்ராரெட் ரிமோட்டும் அதற்கு உண்டு. விசாரித்தால், அந்த சிக்னலை வாங்கும் கண் கேமராவின் முன்பக்கம் இருக்கிறதாம். அதற்கு எதிரே, சுமார் 5 மீட்டருக்குள் இருந்து அழுத்த வேண்டுமாம். அதாவது நான் செம்போத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த அளவுக்கு நெருக்கம் இருந்தால் ரிமோட் எதற்கு?

வைஃபை உள்ள 1300டி-யில் போனிலேயே படத்தைப் பார்த்து அழுத்தலாம். விலையைக் கேட்டேன், கும்பிடு போட்டேன். மிஞ்சியது 2014-இல் வந்த 1200டி. வைஃபையும் இல்லை, இன்ஃப்ராரெட்டும் இல்லை. பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு உள்ளே 2.5 மி.மீ. துளை ஒன்று மட்டும் உண்டு. அதில் செருகக் கம்பெனியே விற்கும் சுவிட்சின் வயர் நீளம் 60 செ.மீ. அந்தத் தூரத்தை வீட்டுப் பூனைகூட நம்பாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கும் என் மச்சான்தான் கண்ணைத் திறந்தான். "மாமா, இதுல ஒண்ணுமே இல்ல. உள்ள மூணு வயர். ஒண்ணு பொது, ஒண்ணு ஃபோகஸ், ஒண்ணு ஷட்டர். மூணும் தொட்டுக்கிட்டா படம்." சொன்னவன் வாசல் கேட்டிலிருந்த காலிங் பெல் சுவிட்சைக் கழற்றினான். 2.5 மி.மீ. பின்னைப் பற்றவைத்து, கொல்லையிலிருந்து திண்ணை வரை வயர் இழுத்தான். (சுவிட்சை மட்டும்தான் சொல்கிறேன். பெல்லின் கரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவே கேமராவின் கடைசிப் படம்.) லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, ஒரு செங்கல்லை வைத்து முன்கூட்டியே ஃபோகஸ் செய்தோம். மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தவர். எங்கள் கருவிக்கு என் மனைவி வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

1920-களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வடஇந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டிவைத்தார். புலியின் கால் பட்டால் கேமரா தானாக இயங்கும். புலிக்குக் கூலி கொடுத்ததாகத் தெரியவில்லை. காலால் காரியம் முடிப்பதில் எங்கள் ஊரும் இளைத்ததில்லை. காளியோடு போட்டியிட்டு ஆடியபோது விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டிக்கொண்ட கூத்தபிரானின் ரத்தின சபை இது. எனவே சுவிட்சைத் தரையில் வைத்து, கால் கட்டைவிரலால் அழுத்தினேன். கையில் காபி இருந்ததும் ஒரு காரணம்.

செம்போத்து வந்தது. அழுத்தினேன். 'டக்' என்ற சத்தத்துக்கே அது திரும்பிக்கொண்டதால், வால் அருமையாக விழுந்திருக்கிறது.

மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது, மச்சானின் வாண்டு சுவிட்சின் மேல் ஏறிக் குதித்திருக்கிறான். பிறகு கேமராவைப் பார்த்தால், வேலிக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை. கை நிறைய எங்கள் முருங்கைக் கீரை. ஃபோகஸ் அவ்வளவு துல்லியம். அந்த வளையலை மனைவிக்குத் தெரியும்.

அதுவரை "இந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது அந்த வயரைச் சமையல்கட்டு வரைக்கும் இழுக்க முடியுமா என்று கேட்கிறாள்.